காசிமேட்டு மணல்

சென்னையில் ‘கடற்கரை’ என்று பெயர் எழுதிய ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. தாம்பரம் மார்க்கத்து மின்சார ரயில் அங்கே கொண்டுவந்து இறக்கும். முதன்முதலாகப் பட்டணம் பார்க்க வருகிற விவசாயத் தொழிலாளி, பெயரை நம்பிப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால் எதிரே கடல் இராது. ராஜாஜி சாலை இருக்கும், லாரிகள் இருக்கும், துறைமுகத்தின் மதில் இருக்கும். நிலையத்தின் பெயர் பொய்யல்ல. ஒரு காலத்தில் அந்தச் சாலையோரம் வரைக்கும் அலை வந்துகொண்டிருந்தது. துறைமுகம் வந்தது, கடற்கரை போயிற்று. பெயர்ப்பலகை மட்டும் தங்கிவிட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த நிலையத்துக்கும் வடக்கே, ராயபுரம் தாண்டி, காசிமேட்டுக்குப் போயிருந்தோம். அங்கே மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிக் கொஞ்சம் மணல் உண்டு. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனின் குறியெண்ணை வைத்து வாலிபர்கள் அதை ‘என் ஃபோர் பீச்’ என்கிறார்கள். தெற்கே பெசன்ட் நகரில் உள்ள கடற்கரைக்கு ஒரு வெள்ளைக்கார துரையின் பெயர். வடக்கே தொழிலாளி பகுதியின் கடற்கரைக்குப் போலீஸ் ஸ்டேஷன் பெயர்!

மணல் என்றதும் மெரினாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். சில நூறு குடும்பங்கள் உட்கார்ந்தால் இடம் நிரம்பிவிடும். ஒரு பக்கம் விசைப்படகுகளின் டீசல் வாடை, இன்னொரு பக்கம் வலையும் கருவாடும் காய்கிற வாடை. சுண்டல்காரர், மாங்காய்ப் பத்தைக் கூடை, பந்து விளையாடும் பையன்கள், கணுக்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்கள். கடலுக்கு இந்த இடம் அந்த இடம் என்ற பேதம் தெரியாது. மெரினாவில் அடிக்கிற காற்றேதான் இங்கேயும் அடிக்கிறது.

அங்கே நமக்குத் தெரிந்த ஒரு பெரியவரைக் கண்டோம். பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். 1996-ல் மில் மூடப்பட்டபோது நடுத்தெருவில் நின்ற ஆயிரக்கணக்கானோரில் ஒருவர். 1918-ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் எந்த ஆலைத் தொழிலாளிகளைக் கொண்டு பிறந்ததோ, அந்த ஆலை இருந்த மண்ணில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பெரியவரோடு அவருடைய மகளும் ஏழு வயதுப் பேரனும் வந்திருந்தார்கள். பையன் மணலைக் குவித்துக்கொண்டே கேட்டான்:

“தாத்தா, வர்ற வழியெல்லாம் கடலு கல்லுக்குப் பின்னாடி இருந்துச்சே, இங்க மட்டும் ஏன் கல்லு இல்ல?”

“இங்க மட்டுந்தான்டா கண்ணு மிச்சம்” என்றார் கிழவர். பிறகு நம் பக்கம் திரும்பி, “எங்கம்மா பொறந்து வளந்தது ராயபுரம் குப்பந்தான் தோழர். அவுங்க ஓடியாடி வெளையாண்ட எடம் இன்னிக்குத் தண்ணிக்குள்ள கெடக்குது. மணலு போச்சு, கல்லு வந்துச்சு” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அந்தக் குழந்தையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. நாம் சொல்லுவோம்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் அலை சாய்வாக வந்து கரையில் மோதி, மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வருகிறது. ஆனால் வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப்போல, கரையோரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆற்றின் குறுக்கே 1870-களில் வெள்ளைக்கார சர்க்கார் சென்னைத் துறைமுகத்துக்காகக் கல் சுவர் எழுப்பியது. வாய்க்காலின் மேல்மடைக்காரன் தண்ணீரை மறித்துக்கொண்டால் கடைமடைக்காரன் வயல் என்ன ஆகும் என்று நம் தஞ்சைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே மணல் தேங்கியது, வடக்கே வறண்டது. தெற்கே தேங்கிய மணல்தான் இன்றைய மெரினா. 1884-ல் கவர்னர் கிராண்ட் டப் அங்கே உலாவுவதற்குப் பாதை போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தார். அப்போது சாலைக்குப் பக்கத்தில் இருந்த கடல் இன்று சராசரி 300 மீட்டர் தள்ளிப் போய்விட்டது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் உள்ளே வந்தது. மணல் வராத கரையை அலை தின்றது. குடிசைகள் போயின, தெருக்கள் போயின. எஞ்சியதைக் காப்பாற்ற லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பின்னர் கடலுக்குள் தூண்டில் வளைவுகள் நீட்டினார்கள். அவற்றின் மடியில் அங்கங்கே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது.

ஆகவே மெரினாவின் அகலமும் ராயபுரத்தின் கல்லும் ஒரே கணக்கின் வரவும் செலவும். வரவு ஒரு பக்கம், செலவு வேறொரு பக்கம். செலவு யார் தலையில் விழுந்தது? மீனவன் தலையில், ஆலைத் தொழிலாளி தலையில், சுமை தூக்குகிறவன் தலையில். நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

துறைமுகமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பல்லாயிரம் தொழிலாளிகளின் சோறு அதில் இருக்கிறது, துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் போராட்டங்களும் அதில் இருக்கின்றன. ஆனால் தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போடுவது மனிதனால் ஆகாத காரியமல்ல. அதற்கான பொறியியல் உலகில் இருக்கிறது. அந்தச் செலவைத் துறைமுகத்தின் வரவிலிருந்து கொடுப்பதுதான் நியாயம். கப்பல் முதலாளியின் சரக்கு ஒரு நாள் தாமதித்தால் அதற்கு அபராதக் கணக்கு உண்டு. ஒரு குப்பமே கடலுக்குள் போனதற்கு எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படவில்லை.

பெரியவரின் மகள் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். “எங்களுக்கு ஞாயித்துக்கெழம ஒரு நாளுதாங்க. ஷிப்மென்ட் அவசரம்னா அதுவும் கெடையாது. துணி தொவச்சு, தண்ணி புடிச்சு வெச்சு, சோறாக்கிட்டு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கெடச்சா இங்க வந்து உக்காருவோம். டவுன் பஸ்ஸுல எனக்குக் காசில்ல. அப்பாவுக்கு எடுக்கணும். மெரினா போனா புள்ள பாக்கறதையெல்லாம் கேக்குது. இங்கன்னா நடந்தே வந்துடலாம்” என்றாள். பொழுது சாய்ந்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள். காரணத்தைச் சொல்லவில்லை. பெண்கள் ஒதுங்க இடமில்லாத கரையில், விளக்கு இல்லாத பக்கத்தில், எந்தத் தாய் இருட்டும் வரைக்கும் உட்காருவாள்? ஆண்கள் இன்னும் இருந்தார்கள். கடலில் இரவுக் காற்று நன்றாக வீசத் தொடங்கும் நேரத்தில் பெண்கள் எல்லோரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

‘கூலி உயர்வு கேட்க வேண்டிய பத்திரிகை மணலில் உட்காருவதைப் பற்றி எழுதுகிறதே’ என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். அந்த நண்பர்களுக்கு நாம் ஞாபகப்படுத்த விரும்புவது இதுதான்: எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் உள்ளே, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு என்ற கோரிக்கையும் இருக்கிறது. அந்த ‘நமக்கு’ என்ற எட்டு மணி நேரத்தை எங்கே போய்ச் செலவிடுவது? பத்துக்குப் பத்து அறையிலா? சாராயக் கடையிலா? முதலாளிக்குக் கிளப் இருக்கிறது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த பங்களா இருக்கிறது. தொழிலாளிக்கு மணல்தான் கிளப். காசு கொடுக்காமல் உட்காரலாம், யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள். பட்டணத்தில் இப்படிப்பட்ட இடங்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

இந்த எட்டு மணி நேரத்துக்கும் சென்னைக் கடற்கரைக்கும் பழைய உறவு உண்டு. 1923 மே 1 அன்று தோழர் சிங்காரவேலர் இந்த மண்ணிலேயே முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடினார். கூட்டம் நடந்த இடங்கள் இரண்டு. ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை, மற்றொன்று ஹைகோர்ட்டுக்கு எதிர்ப்புறக் கடற்கரை. சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டாளிகளைக் கூட்ட அவர் மண்டபம் தேடவில்லை, மணலைத் தேடினார். 1959-ல் அதே மெரினாவில் ராய் சௌதரி செதுக்கிய உழைப்பாளர் சிலையை நிறுத்தினார்கள். நான்கு உழைப்பாளிகள் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நால்வரும் வெண்கலமாக இருப்பதால் அங்கே நிற்க அனுமதி உண்டு. உயிருள்ள நான்கு பேர் கொடியோடு நின்றால் போலீஸ் வண்டி வந்துவிடும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வாலிபர்கள் லட்சக்கணக்கில் அங்கே கூடினார்கள். கடைசி நாளன்று போலீஸ் தடியடியிலிருந்து தப்பி ஓடியவர்களுக்கு நடுக்குப்பத்து மீனவர்கள் புகலிடம் தந்தார்கள். அதற்காக அந்த ஏழை மக்கள் பட்ட அடியையும், அவர்களுடைய மீன் சந்தை எரிந்ததையும் சென்னை மறக்கவில்லை. அதன்பின் மெரினாவில் கூட்டம் கூடத் தடை வந்தது. 2018-ல் காவிரிக்காக விவசாயிகள் ஒரே ஒரு நாள் அங்கே உண்ணாவிரதம் இருக்கலாம் என்று ஹைகோர்ட்டின் தனி நீதிபதி உத்தரவிட்டார். மாநில சர்க்கார் உடனே அப்பீல் செய்து தடை வாங்கிக்கொண்டது.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத் திருத்தத்தைத் தமிழகச் சட்டசபை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எழுந்தன. இடதுசாரிகள் மட்டுமின்றி ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 மே தினத்தன்று, அந்தத் திருத்தம் வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். ஆனால் எண்ணம் சாகவில்லை. 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் வேலை, போக வர இரண்டு மணி நேரம் பஸ் என்றால், அந்தத் தையல் தொழிலாளிப் பெண்ணுக்குக் காசிமேட்டு மணல் பத்து நிமிஷ நடையில் இருந்தால் என்ன, பத்தாயிரம் மைலில் இருந்தால் என்ன?

கிராமத்துத் தோழர்கள் இது பட்டணத்துச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காணும் பொங்கலன்று வேனிலும் பஸ்ஸிலும் சென்னைக் கடற்கரையில் வந்து குவிகிற ஜனங்களில் பாதிப்பேர் யார்? செங்கற்பட்டிலும் திருவள்ளூரிலும் அறுவடை முடித்த கை அல்லவா அது? அன்றைக்கு மெரினாவில் கட்டை கட்டிவைப்பார்கள், கடலில் இறங்கக்கூடாது என்பார்கள், தொலைந்துபோகாமலிருக்கக் குழந்தைகள் கையில் போன் நம்பர் எழுதிய வளையம் மாட்டுவார்கள். மாட்டட்டும், நல்லதுதான். வருஷத்தில் ஒரு நாள் கடல் பார்க்க வருகிறவனை அலையில் விட்டுவிட முடியாது. நாம் சொல்ல வந்தது வேறு. உங்கள் ஊரில் நத்தம், மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிக்கரை என்று இருக்கிறதே, அதற்கும் கடற்கரைக்கும் ஜாதி ஒன்று. சொந்த நிலம் உள்ளவனுக்குப் புறம்போக்கு ஒரு பொருட்டல்ல; இல்லாதவனுக்கு அதுதான் ஆடு மேய, சாணி தட்ட, பிணம் எரிக்க, பிள்ளை விளையாட. புறம்போக்கை வளைக்கிறவன் முதலில் வேலி போடுவதில்லை. ‘சும்மா கிடக்கிறதே’ என்றுதான் ஆரம்பிக்கிறான். பண்ணையார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தாத்தாவின் பேரன், கடற்கரை மணலில் யாருக்கும் வழிவிடாமல் கால் நீட்டி உட்காருகிறான். அந்த மணலின் அருமை அவனுக்குத் தெரியும்.

கடற்கரையும் ‘சும்மா கிடக்கிறதே’ என்றுதான் பேசப்படுகிறது. 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. உச்சக் கடல்மட்டக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2019-ல் அதைத் தளர்த்தினார்கள். ஜனநெருக்கமுள்ள கிராமக் கரைகளில் 200 மீட்டராக இருந்த தடைப்பகுதி 50 மீட்டராயிற்று. மீனவனுக்கு வீடு கட்டத்தான் என்று சமாதானம் சொன்னார்கள். மீனவன் வீடு கட்டுவதற்குள் ரிசார்ட்டுக்காரன் மாடி கட்டிவிடுவான் என்பது தெரியாதவர்களா இவர்கள்? கடற்கரையும் ஆறும் காற்றும் சர்க்கார் பொதுஜனங்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிற சொத்து, தனியாருக்குத் தூக்கிக் கொடுக்கிற பொருளல்ல என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் கமல்நாத் வழக்கில் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது. வேலி மணலில் இருக்கிறது.

வட சென்னைக் கடற்கரைகளையும் அழகுபடுத்தப்போவதாகச் சமீப ஆண்டுகளில் பேச்சு எழுந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் ‘அழகு’ என்ற சொல்லைக் கேட்டால் நம் மக்களுக்கு முதுகு சிலிர்க்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லித்தான் மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றினார்கள். தடுத்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, மீனவர் உயிர்கள் போயின. 2023-ல் நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்ற பெண்களின் கடைகளை அப்புறப்படுத்தினார்கள். அந்தப் பெண்கள் மீனைக் கொட்டி மறியல் செய்த பிறகே பேச்சுவார்த்தை வந்தது. 2024-ல் புதிய மீன் சந்தை திறந்தார்கள். கரையில் முதலில் வந்தவன் மீனவன். சாலை பிறகு வந்தது. கார் அதற்கும் பிறகு வந்தது. வலை காயப்போடும் இடத்தில் புல்தரை வளர்ப்பதும், கருவாட்டு வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்பதும் அழகல்ல. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதமும் காசிமேட்டு மீனவன் இந்த மணலில் உட்கார்ந்துதான் வலையைச் செப்பனிடுகிறான். அவனுக்கு அது பட்டறை. மற்றவர்களுக்கு அது உலாவும் இடம். இரண்டும் ஒரே மணலில் நடக்க முடியும், அந்த ஞாயிற்றுக்கிழமை நம் கண்முன்னே நடந்துகொண்டுதானிருந்தது.

2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலைவரை போய்வர மரப் பாதை ஒன்று திறந்தார்கள். நாற்காலி வண்டியில் உட்கார்ந்தபடியே வாழ்நாளில் முதன்முறையாகக் கடலருகே போனவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்தச் செலவை வீண் என்று சொல்லமாட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்துப் போட்டது, திரும்பவும் செப்பனிட்டார்கள். நல்ல காரியம் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. அப்படியானால் வடக்கே ஏன் முடியாது?

நம் கோரிக்கைகள் அப்படி ஒன்றும் பெரியவை அல்ல. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் மணல் மிஞ்சியிருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும், கல் மேட்டைத் தாண்டி கிழவரும் குழந்தையும் விழாமல் இறங்கப் படி வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை, குடிதண்ணீர், விளக்கு வேண்டும். கல் சுவருக்கும் தூண்டில் வளைவுக்கும் இடையே நீரோட்டம் சுழிக்கும்; அது தெரியாமல் இறங்கி வாலிபர்கள் சாகிறார்கள். கடலை அறிந்த குப்பத்து இளைஞர்களையே நிரந்தரச் சம்பளத்தில் உயிர்காப்பாளர்களாக வைக்க வேண்டும், காண்டிராக்ட் கூலியில் அல்ல. குப்பை அள்ளுகிற தூய்மைப் பணியாளருக்கும் அதுவே நியாயம். எண்ணூரில் சாம்பலும் எண்ணெயும் கலக்கிறதைத் தடுக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கழிமுகத்து மீனவர்களின் படகிலும் வலையிலும் உடம்பிலும் அப்பியதை எல்லோரும் பார்த்தோம். எந்த மணலுக்கும் நுழைவுக் கட்டணம் என்ற பேச்சே வரக்கூடாது. வாகனம் நிறுத்தும் காண்டிராக்ட் என்ற கொல்லைப்புற வழியாகவும் வரக்கூடாது.

இதைக் கோட்டையிலோ கமிட்டி அறையிலோ எழுதி முடித்துவிட்டுப் பிறகு ஜனங்களிடம் காட்டுவதை ஏற்க முடியாது. மீனவர் பஞ்சாயத்துகள், துறைமுகத் தொழிலாளர்கள், மாதர் சங்கம், வாலிபர் சங்கம் ஆகியோரை உட்கார வைத்து வரைபடத்தைப் போடட்டும். வட சென்னைத் தோழர்கள் இந்த மாதமே தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கத் தொடங்க வேண்டும். தாளை ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் காசிமேட்டு மணலுக்கே எடுத்துச் செல்லுங்கள். பெண்கள் ஆறரை மணிக்கெல்லாம் எழுந்து போய்விடுகிறார்கள், அதற்கு முன் அவர்களிடம் முதலில் வாங்குங்கள்.